மாறிப்போன ஒரு கணக்கு

சென்ற ஆண்டு என் தாயார் இறைவனில் துயில்கொண்டபின், கோவை கணபதியில் நாங்கள் பிறந்து வளர்ந்த ஓட்டு வீட்டைக் காலிசெய்யும் பொறுப்பு எனக்கும் என் இரு சகோதரிகளுக்கும் வந்தது. பாத்திரம் பண்டங்களையும் கட்டிலையும் அவர்கள் எடுத்துக்கொண்டனர். பரண்மேல் இருந்த ஒரு தகரப் பெட்டியை மட்டும், "இது அப்பாவோடதுங்க, நீங்களே வச்சுக்குங்க சாமி" என்று என் தங்கை என்னிடம் தந்தாள். உடன்பிறந்தவள் என்னைச் 'சாமி' என்று அழைப்பது எனக்கு எப்போதோ பழகிப்போன ஒன்று. பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஒரு மைக்ரோமீட்டர், நூல் அறுந்த செபமாலை ஒன்று, எண்ணெய்க் கறை ஏறிய பதினொரு நீளக் கணக்கு நோட்டுகள்.

என் தந்தையார் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரு ரீபோர் பட்டறையில் பணியாற்றியவர். ஓடி ஓடித் தேய்ந்துபோன இஞ்சின் சிலிண்டரை மீண்டும் வட்டமாகக் குடைந்து, சற்றே பெரிய பிஸ்டன் அதில் பொருந்தும்படி செய்து கொடுப்பது அவர் தொழில். அந்த நோட்டுகளில் அவர் கைபட்ட ஒவ்வோர் இஞ்சினுக்கும் ஒரு பத்தி இருந்தது. நாள், வண்டியின் பெயர், போர், ஸ்ட்ரோக், எத்தனையாவது ஓவர்சைஸ் என்னும் விவரங்கள். அவற்றின்கீழே நான்கு வரிகளில் ஒரு பெருக்கல் கணக்கு. அந்தக் கணக்கின் முடிவுதான் இஞ்சினின் கொள்ளளவு, நாம் 'சி.சி.' என்று சொல்கிறோமே, அது.

உண்மையில் அவர் வேலைக்கு அந்தக் கணக்கு தேவையே இல்லை. குடைபவனுக்கு விட்டம் தெரிந்தால் போதும். ஆயினும் அவர் போட்டார். "ஒரு இஞ்சின்ல கைய வைக்கறதுக்கு முன்னால அது எத்தன மூச்சு இழுக்கும்னு தெரிஞ்சுக்கோணும்" என்பார். ஒரு மனிதனிடம் பேசத் தொடங்குமுன் அவன் பெயரைக் கேட்பதுபோல அது அவருக்கு ஒரு மரியாதை.

வாசக அன்பர்களுள் பலர் அன்றாடம் வண்டி ஓட்டுகிறவர்கள்; ஆனால் வண்டியின் பதிவுச் சான்றிதழில் அச்சாகியிருக்கும் அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று எண்ணிப் பார்த்திருப்போர் சிலரே. பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் உருண்டையான அறையே சிலிண்டர். அதன் உட்புற விட்டம் 'போர்'. பிஸ்டன் மேல் எல்லையிலிருந்து கீழ் எல்லைவரை நகரும் தூரம் 'ஸ்ட்ரோக்'. விட்டத்தை அதே விட்டத்தால் பெருக்கி, 0.7854ஆல் பெருக்கி, ஸ்ட்ரோக்கால் பெருக்கினால், பிஸ்டன் ஒருமுறை நகரும்போது எவ்வளவு இடத்தைக் கடக்கிறது என்பது கிடைத்துவிடும். அளவுகள் மில்லிமீட்டரில் இருந்தால் வந்த விடையை 1000ஆல் வகுக்க வேண்டும். பல சிலிண்டர்கள் இருந்தால் அவற்றின் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். அவ்வளவே. 16 வயது நிரம்பிய பிள்ளை 50 சி.சி.க்கு மேற்படாத வண்டியை மட்டுமே ஓட்டலாம் என்று நமது மோட்டார் வாகனச் சட்டம் சொல்வதும், 2025 செப்டம்பரில் மாறிய வரி விகிதத்தில் 350 சி.சி. என்பது ஓர் எல்லைக்கோடாக வைக்கப்பட்டதும் இந்தச் சிறிய பெருக்கலை நம்பித்தான்.

நான் ஒன்பதாம் வகுப்புப் படித்தபோது, உருளையின் கன அளவைப் பள்ளியில் கற்றுவந்த பெருமிதத்தில், அப்பாவின் நோட்டை வாங்கி ஒரு புல்லட் மோட்டார் சைக்கிளுக்குக் கணக்குப் போட்டேன். போர் 70 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 90 மில்லிமீட்டர். விடை 1385 என்று வந்தது. அப்பா அதைப் பார்த்துச் சிரிக்கவில்லை. "ஏங்கண்ணு, நாலு சிலிண்டர் அம்பாசிடர் காருக்கே 1489 தானே? ஒத்தச் சிலிண்டர் புல்லட்டுக்கு 1385 எப்படி வரும்?" என்று மட்டும் கேட்டார். ஆரம் இருக்க வேண்டிய இடத்தில் நான் விட்டத்தை வைத்திருந்தேன். விடை நான்கு மடங்காகிவிட்டது. இரண்டு மடங்கு தவறினால் விடையும் இரண்டு மடங்குதானே தவற வேண்டும், நான்கு மடங்கு ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

மறுநாள் அவர் பட்டறையிலிருந்து ஒரு சதுரத் தகட்டைக் கொண்டுவந்தார். அதன் நான்கு பக்கங்களையும் தொடும்படி ஒரு வட்டம் வரைந்து வெட்டியெடுத்தார். பிறகு என்னை அழைத்துக்கொண்டு தெருமுனை மளிகைக் கடைக்குப் போனார். தராசின் ஒரு தட்டில் வெட்டிய வட்டமும், எண்ணெய்ப் புட்டிகளுக்கு நடுவே மற்றொரு தட்டில் எடைக்கற்களும் ஏறின. முழுத் தகட்டை நூறு பங்காகக் கொண்டால் வட்டம் ஏறக்குறைய எழுபத்தெட்டரைப் பங்கு. மூலைகளில் விழுந்த துண்டுகள் மீதி. "இதுதான் புள்ளி ஏழு எட்டு அஞ்சு நாலு. சதுரம் போட்டுட்டு மூலையக் கழிக்கறோம், அவ்வளவுதான்" என்றார். அதன்பின் அவர் சொன்னதை நான் இன்றுவரை மறக்கவில்லை: "நீளத்த ரெண்டு மடங்காக்கினா இஞ்சின் ரெண்டு மடங்காகும். அகலத்த ரெண்டு மடங்காக்கினா நாலு மடங்காகும். நீளத்துக்கு ஒரு தடவதான் கணக்கு. அகலத்துக்கு ரெண்டு தடவ."

பழந்தமிழ்க் கணித நூலான கணக்கதிகாரம், சுற்றளவில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்கினால் வட்டத்தின் பரப்புக் கிடைக்கும் என்று கற்பிக்கிறது என்பதைப் பின்னாளில் படித்தேன். அப்பா அதைப் படித்தவரல்லர். திருவிவிலியத்தில் சாலமோன் வார்ப்பித்த வெண்கலக் கடல்தொட்டிக்கு விட்டம் பத்து முழம், சுற்றளவு முப்பது முழம் என்று அரசர்கள் முதல் நூல் 7ஆம் அதிகாரம் கூறுவதைக் குருமடத்தில் படித்தபோது, பத்து முழ விட்டத்திற்கு முப்பத்தொன்றரை முழத்திற்குச் சற்றுக் குறைவாக அல்லவா வர வேண்டும் என்று என் மனம் உடனே முணுமுணுத்தது. திருநூலை அளவுகோல் கொண்டு படிக்கலாகாது என்று பேராசிரியர் விளக்கினார். அது சரியே. ஆனால் அந்த முணுமுணுப்பு அப்பாவின் குரலில் இருந்தது.

அப்பாவைப் போன்றவர்களை இந்த ஊர் ஏராளமாக உருவாக்கியது. 1893இல் கோவையை அடுத்த கலங்கல் கிராமத்தில் பிறந்த ஜி. டி. நாயுடு, பள்ளிப் படிப்பில் நிலைக்காதவர். ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கி, உழைத்துப் பணம் சேர்த்து அதை விலைக்கு வாங்கி, பகுதி பகுதியாகக் கழற்றி மீண்டும் பூட்டித் தமக்குத் தாமே பாடம் நடத்திக்கொண்டவர். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்தை ஓட்டித் தொடங்கியவர், பின்னர் பெரியதொரு போக்குவரத்து நிறுவனத்தையே நடத்தினார். 1930களின் தொடக்கத்தில் பைக்காரா நீர்மின்சாரம் சமவெளிக்கு இறங்கி வந்தது. ஆழ்கிணறுகளை நம்பி வாழ்ந்த கொங்கு மண்ணில் ஆலைகளும், வார்ப்படச் சாலைகளும், மோட்டார் பம்புகளும், அவற்றைச் செப்பனிடும் லேத் பட்டறைகளும் பெருகின. பீளமேட்டிலும் கணபதியிலும் சிங்காநல்லூரிலும் வீட்டுத் திண்ணைக்கு அடுத்த அறையே பட்டறையாக இருந்த தெருக்கள் உண்டு. பட்டம் பெறாத பொறியாளர்கள் அங்கே ஆயிரத்தில் ஓர் அங்குலம் பிசகாமல் இரும்பைக் கடைந்தார்கள்.

இத்தகைய வேலைக்கும் குருத்துவத்திற்கும் தொடர்பில்லை என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. குழாயை அடைத்த பிஸ்டனை வாயுக் கலவையின் வெடிப்பால் உந்தி வேலை வாங்கும் இஞ்சினை முதன்முதலில் வடிவமைத்தோருள் ஒருவர் கத்தோலிக்கக் குரு. புனித ஜோசப் கலசான்ஸ் நிறுவிய கல்விச் சபையைச் சேர்ந்த எயுஜேனியோ பர்சாந்தி என்பவர் அவர். பொறியாளர் ஃபெலிச்சே மத்தேயூச்சியுடன் சேர்ந்து தம் கண்டுபிடிப்பின் விளக்கத்தை 1853இல் பிளாரன்சு நகரின் அறிவியல் கழகம் ஒன்றில் பதிவுசெய்து வைத்தார். அதனைத் தொழிற்சாலையில் உற்பத்தி செய்யும் ஏற்பாட்டுக்காகப் பெல்ஜியம் சென்றிருந்தபோது, 1864இல் நச்சுக் காய்ச்சல் கண்டு 42ஆம் வயதில் இறந்தார். நான்கு ஸ்ட்ரோக் இஞ்சினை ஜெர்மானியரான ஓட்டோ ஓட்டிக்காட்டிய 1876ஆம் ஆண்டுக்கு முந்திய கதை இது. குருமட நாள்களில் இதை எங்கோ படித்தபோது, விடுமுறைக்கு வீட்டுக்குப் போனதும் அப்பாவிடம் சொல்ல வேண்டுமென்று நினைத்தேன். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதைத்தான் இனி எழுத வேண்டும்.

நான் வீட்டிற்கு ஒரே ஆண்பிள்ளை. பாலிடெக்னிக்கில் பட்டயம் படிப்பேன், பிறகு அப்பனும் மகனுமாகச் சொந்தப் பட்டறை போடுவோம் என்பது அப்பாவின் கனவு. பழைய போரிங் மெஷின் ஒன்றை விலைபேசியும் வைத்திருந்தார். அதற்காகச் சீட்டுக் கட்டி வந்தார். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த கோடையில் ஓர் இரவு, குருமடத்தில் சேர விரும்புவதாகச் சொன்னேன். அம்மா அழுதார்; பிறகு அன்னை மரியாவுக்கு நன்றி சொன்னார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. தடுக்கவும் இல்லை. சீட்டுப் பணத்தை எடுத்து எனக்குப் பெட்டியும் போர்வையும் வாங்கினார். 1987 ஜூன் 15, திங்கட்கிழமை. காலைத் திருப்பலி முடிந்து நான் பேருந்து ஏறியபோது, வேலைக்கு நேரமாகிவிட்டதென்று அவர் வழியனுப்ப வரவில்லை.

பதினோர் ஆண்டுகள் கழித்து என் குருப்பட்டத் திருப்பலியில் அவர் முதல் வரிசையில் அமர்ந்திருந்தார். புதுக்குருவின் உள்ளங்கைகளை முத்தமிடும் வரிசையில் அவரும் வந்தார். எவ்வளவு தேய்த்துக் கழுவியும் போகாத கரிக்கோடுகள் ஓடிய அந்தக் கைகளால் என் கைகளைப் பிடித்து முத்தமிட்டார். அன்று மதியம், "சாமி சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். அதுவரை நான் அவருக்குக் 'கண்ணு'. அதன்பின் 2009இல் அவர் இறக்கும்வரை அந்தச் சொல்லை நான் கேட்கவேயில்லை. அது குருத்துவத்திற்குத் தரும் மரியாதை என்று ஊர் சொன்னது. நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன். ஆனால் உள்ளூர ஒரு சந்தேகம் என்னை அரித்துக்கொண்டே இருந்தது. அப்பா என்னை மன்னித்தாரா? அல்லது மன்னிக்க முடியாததை மரியாதையால் மூடிவிட்டாரா? இதை அவரிடம் கேட்கும் துணிவு எனக்கு வரவில்லை. ஆகவே பர்சாந்தியைப் பற்றியும் சொல்லவில்லை. இஞ்சின் என்ற பேச்சையே நாங்கள் இருவரும் தவிர்த்தோம்.

தகரப் பெட்டியை என் அறைக்குக் கொண்டுவந்த இரவில், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நோட்டுகளில் என் பெயரைத் தேடினேன். நான் பிறந்த நாள், முதல் நற்கருணை வாங்கிய நாள், குருப்பட்ட நாள் என்று ஒவ்வொன்றாகப் புரட்டினேன். எங்குமே என்னைப் பற்றி ஒரு சொல் இல்லை. கடைசியாக 1987 ஜூன் 15ஆம் நாளின் பக்கத்தைத் தேடி எடுத்தேன்.

அன்றைக்கு ஒரே ஒரு வேலை. புல்லட் 350. ஓவர்சைஸ் 20. கீழே வழக்கமான கணக்கு. 90ஐ 90ஆல் பெருக்கினால் 8100. அதை 0.7854ஆல் பெருக்கினால் 6361.74. அதை 70ஆல் பெருக்கினால் 445 சி.சி. பிறகு அந்த நான்கு வரிகள்மீதும் குறுக்காக ஒரு கோடு. அதன்கீழே மீண்டும்: 70ஐ 70ஆல் பெருக்கினால் 4900, 0.7854ஆல் பெருக்கினால் 3848.46, 90ஆல் பெருக்கினால் 346 சி.சி.

போரையும் ஸ்ட்ரோக்கையும் அவர் மாற்றிப் போட்டிருந்தார்.

நூற்றுக்கணக்கான புல்லட் சிலிண்டர்களைக் குடைந்தவர் அவர். 70, 90 என்னும் எண்கள் அவருக்குத் தம் பிள்ளைகளின் வயதைவிட நன்றாகத் தெரியும். பதினொரு நோட்டுகளையும் அந்த வாரம் முழுவதும் புரட்டிப் பார்த்தேன். அடித்துத் திருத்திய கணக்கு வேறு எங்கும் இல்லை. மகனை வழியனுப்ப வராமல் வேலைக்குப் போன ஒரு மனிதர், அன்று பகலில் எப்போதோ, எது அகலம் எது நீளம் என்பதை மறந்து உட்கார்ந்திருக்கிறார். பிறகு விழித்துக்கொண்டு ஒரு கோடு இழுத்துத் திருத்தியிருக்கிறார். நான் தேடிய சொல் அந்தக் கோடுதான். அது மன்னிப்புமல்ல, கோபமுமல்ல, வலி. முப்பத்தெட்டு ஆண்டுகளாக நான் அந்த வலிக்கு என் மனத்தில் பெயர் வைத்துக்கொண்டிருந்தேனே தவிர, ஒருநாளும் அதன் அருகில் போய் அமரவில்லை.

இந்தப் பக்கம் என் கைக்கு வந்த சமயத்தில் என் பங்கில் ஒரு சிக்கல் இருந்தது. அதில் தொடர்புடைய குடும்பத்தாரின் இசைவோடு, அவர்கள் யாரென்று தெரியாதபடி இங்கே எழுதுகிறேன். நல்லாயன் ஞாயிறன்று இறையழைத்தலைப் பற்றி மறையுரை ஆற்றியிருந்தேன். அன்னா தன் ஒரே மகன் சாமுவேலைக் கோவிலுக்கு மகிழ்ச்சியோடு கொடுத்தாள், செபதேயுவின் மக்கள் படகை விட்டு உடனே எழுந்தார்கள், இன்றைய பெற்றோர் ஏன் தயங்குகிறீர்கள் என்று சற்றுக் கடுமையாகவே கேட்டேன். அதற்குப் பிறகு, இருசக்கர வாகனப் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் கோவிலுக்கு வருவதை நிறுத்திவிட்டார். அவருடைய ஒரே மகன் குருமடம் போக விரும்புவதாக வீட்டில் சொல்லியிருந்தான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சாலையில் அவரைச் சந்தித்தபோது, தலையைக் குனிந்துகொண்டே, "சாமிக்கு ஒரு பையன் இருந்தாத் தெரியுமுங்க" என்றார். அச்சொல் என்னைச் சுட்டது. அவர் விசுவாசத்தில் குறைவுபட்டவர் என்று எனக்கு நானே தீர்ப்பெழுதிக்கொண்டு நகர்ந்துவிட்டேன்.

நோட்டைப் பார்த்தபின் அதே இறைவார்த்தைப் பகுதிகளை மீண்டும் எடுத்து வாசித்தேன். மாற்கு நற்செய்தி முதல் அதிகாரத்தில், அழைக்கப்பட்ட இருவரும் தம் தந்தை செபதேயுவைக் கூலியாள்களோடு படகில் விட்டுவிட்டுச் சென்றதாக நற்செய்தியாளர் குறிக்கிறார். எத்தனையோ முறை மறையுரையில் நான் அந்த மக்களோடு கரையேறி நடந்திருக்கிறேன். படகில் நின்றவரை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. பாதி சீர்செய்த வலை அவர் கையில் இருந்திருக்கும். அன்று அவர் எத்தனை கண்ணிகளைத் தவறாகப் பின்னினாரோ!

அன்னாவின் கதையிலும் நான் விட்டுவிட்ட ஒரு வரி இருக்கிறது. சாமுவேல் முதல் நூல் 2ஆம் அதிகாரம் சொல்வதாவது: அவள் ஆண்டுதோறும் தன் மகனுக்கு ஒரு சிறிய மேலாடை தைத்து, பலி செலுத்தப் போகும்போது எடுத்துச் சென்றாள். ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே பார்க்கும் பிள்ளைக்கு எந்த அளவில் தைப்பது? இந்நேரம் இவ்வளவு உயரம் வளர்ந்திருப்பான், தோள் இவ்வளவு அகன்றிருக்கும் என்று ஆண்டு முழுவதும் அவள் மனத்தில் கணக்குப் போட்டிருப்பாள். கடவுளுக்குக் கொடுத்துவிட்டவள்தான், ஆனால் அளவெடுப்பதை நிறுத்தவில்லை. திருநூலே மறைக்காத அந்த ஏக்கத்தை, நான் மறையுரையில் மகிழ்ச்சி என்ற ஒரே சொல்லால் மூடிவிட்டிருந்தேன்.

ஒரு மாலை, அப்பாவின் நோட்டை எடுத்துக்கொண்டு அந்தப் பட்டறைக்குப் போனேன். பையனைப் பற்றிப் பேசப் போகவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிட்டேன். "எங்க அப்பா ரீபோர் வேலை பார்த்தவருங்க. இந்தப் பக்கத்தைக் கொஞ்சம் பாருங்க" என்று நீட்டினேன். கையைக் கழிவுத்துணியில் துடைத்துவிட்டு வாங்கினார். இரண்டு நொடிகூட ஆகவில்லை. "போரையும் ஸ்ட்ரோக்கையும் மாத்திப் போட்டுட்டாருங்களே" என்றார். பிறகு முன்னும் பின்னும் சில பக்கங்களைப் புரட்டினார். தொழிலாளி ஒருவர் மற்றொரு தொழிலாளியின் கையெழுத்தைப் படிக்கும் கவனம் அதில் இருந்தது. "இவரு மாத்திப் போடற ஆளு இல்லீங்களே சாமி. என்ன நாளு அது?"

"நான் குருமடத்துக்குப் போன நாளுங்க" என்றேன்.

அவர் நோட்டை உடனே திருப்பித் தரவில்லை. கழற்றி வைத்திருந்த ஒரு வண்டியின் அருகே முக்காலியை இழுத்துப்போட்டு என்னை உட்காரச் சொன்னார். அன்று நாங்கள் நெடுநேரம் பேசினோம். பெரும்பாலும் இஞ்சின்களைப் பற்றி. 2023இல் வந்த புல்லட் 350இல் போரை 72 மில்லிமீட்டராக அகலப்படுத்தி, ஸ்ட்ரோக்கை 85.8 மில்லிமீட்டராகக் குறைத்திருக்கிறார்கள் என்று அவர் சொன்னார். அங்கேயே தரையில் சுண்ணக்கட்டியால் கணக்குப் போட்டோம். 349 சி.சி. நீளம் நான்கு மில்லிமீட்டருக்கு மேல் குறைந்தும், அகலம் இரண்டே மில்லிமீட்டர் கூடியதால் கொள்ளளவு முன்னைவிட மூன்று சி.சி. அதிகம். "அகலத்துக்கு ரெண்டு தடவ கணக்கு" என்று என்னையறியாமல் சொன்னேன். "ஆமாங்க" என்றார் அவர்.

வீடு திரும்பும் வழியில் அந்த வாக்கியம் என்னோடு வந்தது. புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் 6ஆம் அதிகாரத்தில், தம் இதயம் அவர்களுக்காகத் திறந்தே இருக்கிறது என்று சொல்லி, அவர்களும் பிள்ளைகளைப்போலத் தங்கள் இதயத்தை விரித்துக்கொள்ள வேண்டும் என்று மன்றாடுகிறார். நீடித்த உழைப்பைப் பற்றியும் பட்ட துன்பங்களைப் பற்றியும் பேசிவந்தவர், கடைசியில் கேட்பது அகலத்தை. என் குருத்துவ வாழ்வை நான் நீளத்தால் அளந்து வந்திருக்கிறேன்: எத்தனை ஆண்டுகள், எத்தனை பங்குகள், எத்தனை திருமுழுக்குகள். நீளமும் வேண்டும்தான், ஸ்ட்ரோக் இல்லாமல் எந்த இஞ்சினும் ஓடாது. ஆனால் என் கருத்தோடு ஒத்துப்போகாத ஒரு தகப்பனின் வலிக்கு அதனுள் இடம் இருந்ததா என்று கேட்டால், என்னிடம் நல்ல விடை இல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கையையும் அப்பாவிடமிருந்தே கடன் வாங்கிச் சொல்ல வேண்டும். துன்பம் இதயத்தை விரிவாக்கும் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். நானும் பல இறப்பு வீடுகளில் சொல்லியிருக்கிறேன். தேய்ந்த சிலிண்டரின் விட்டமும் பெரிதாகத்தான் ஆகிறது. ஆனால் அது சீராகத் தேய்வதில்லை. வெப்பம் மிகுந்து எண்ணெய் குறைந்த மேற்பகுதியில் அதிகமாகவும் கீழே குறைவாகவும் தேய்ந்து, வட்டம் முட்டை வடிவாகிவிடுகிறது. பிஸ்டனின் வளையங்கள் அதில் பொருந்தமாட்டா. எண்ணெய் எரிந்து புகை கக்கும். "தேஞ்சதப் பார்த்துப் பெருசாயிருச்சுன்னு சந்தோசப்படக் கூடாது" என்பார் அப்பா. மேலும் நடுவும் கீழுமாக, ஒவ்வோர் இடத்திலும் இரு திசைகளில் அளந்து, மிக அதிகமாகத் தேய்ந்த இடத்தை ஆதாரமாக வைத்து, மற்ற இடங்களையும் அதற்கு ஈடாகக் குடைந்தால்தான் அந்தத் தேய்மானம் மீண்டும் வட்டமாகும். அங்குலத்தில் ஆயிரத்தில் நாற்பது பங்குவரை குடைந்த புல்லட்டின் கொள்ளளவு 346இலிருந்து 356 சி.சி. ஆகிவிடும், ஆனால் அந்தப் பத்து சி.சி. தேய்மானம் தந்ததன்று, பொறுமையுள்ள ஒரு கை தந்தது. வலி தானாக ஒருவரையும் அகலமாக்குவதில்லை. யாராவது அருகில் வந்து, எந்த இடத்தில் மிக அதிகமாகத் தேய்ந்திருக்கிறது என்று அளந்து பார்க்க வேண்டும். பங்குத்தந்தையின் வேலை அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று இந்த ஐம்பதுகளின் நடுவயதில் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த ஞாயிறு அவர் கோவிலுக்கு வருவார் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. அதற்கு அடுத்த ஞாயிறும் வரவில்லை. மூன்றாவது ஞாயிறு, திருப்பலி தொடங்கியபின் வந்து கடைசித் தூணருகே நின்றார். பையன் இப்போது பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் பட்டயம் படிக்கிறான். மாலையில் தந்தையின் பட்டறையில் நிற்கிறான். மூன்று ஆண்டுகள் கழித்தும் அவன் விருப்பம் மாறாதிருந்தால் அப்போது பார்ப்போம் என்று தந்தையும் மகனும் பேசி முடிவெடுத்திருக்கிறார்கள். இறையழைத்தல் ஒன்றை நான் தள்ளிப்போட்டுவிட்டேன் என்று உடன் குருக்கள் சிலர் கடிந்துகொண்டனர். இருக்கலாம். ஆனால் அவன் போகும் நாள் வந்தால், அவனுடைய தகப்பன் பேருந்து நிலையத்திற்கு வருவார். அவனோடு பேசிவிட்டு, வலிக்கத்தான் வலிக்கும் என்பதை இருவரும் ஒப்புக்கொண்டு, அனுப்பிவைப்பார். எனக்குக் கிடைக்காத அந்த அரைமணி நேரம் அவனுக்குக் கிடைக்கட்டும் என்பதே என் வேண்டுதல்.

இந்த அக்டோபரில் கருமத்தம்பட்டி செபமாலை அன்னையின் திருவிழாவுக்குப் போயிருந்தேன். அப்பா தவறாமல் போகும் திருவிழா அது. தகரப் பெட்டியிலிருந்த செபமாலையைப் புது நூலில் கோத்து எடுத்துச் சென்றிருந்தேன். கூட்டத்திலிருந்து சற்று விலகி அமர்ந்து அதைச் சொல்லி முடித்தபின், பர்சாந்தி என்ற குருவைப் பற்றி அப்பாவிடம் சொன்னேன். குழாய்க்குள் வெடிக்கும் வாயுவைக் கொண்டு பிஸ்டனை நகர்த்தலாம் என்று அவர் கண்டது, 1853, பிளாரன்சு, பெல்ஜியம் எல்லாவற்றையும் சொன்னேன். சற்றுத் தாமதமாகிவிட்டது. ஆனாலும், புனிதர்களின் உறவில் நம்பிக்கை கொண்ட நமக்கு, தாமதமாகச் சொன்னதும் போய்ச்சேரும் அல்லவா? கேட்டு முடித்து, "அந்த இஞ்சினுக்குப் போர் எவ்வளவு, ஸ்ட்ரோக் எவ்வளவு, கண்ணு?" என்றுதான் அவர் கேட்டிருப்பார்.